வாலஸின் பதவிவழியும் வ.உ.சி.யின் சன்னதும்

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு 1908 ஜூலை 7 அன்று அரச நிந்தனைக் குற்றத்துக்காக நாடு கடத்தல் தண்டனை விதித்த கூடுதல் அமர்வு நீதிபதி ஏ.எஃப். பின்ஹேயின் பெயர் சட்டம் பயிலாதவர்க்கும் தெரியும். வ.உ.சி.க்குத் தொழில் உரிமையைப் பின்னாளில் மீட்டுத் தந்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஈ.எச். வாலஸின் பெயரோ சட்டம் பயின்றவர்களிடையேகூட அரிதாகவே எழுகிறது. மாகாண உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் எவ்வாறு உருவானார் என்று ஆராய்வோருக்கு இரண்டாமவரே கூடுதலாகப் பயன்படுவார்.

1861ஆம் ஆண்டின் இந்திய உயர் நீதிமன்றங்கள் சட்டம், தலைமை நீதிபதி உட்பட குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் பாரிஸ்டர்களாகவும், குறைந்தது மூன்றில் ஒரு பங்கினர் குடிமைப் பணியினராகவும் இருக்க வேண்டும் என்று வகுத்திருந்தது. இந்தக் குடிமைப் பணிப் பங்கின் வழியே, மாவட்டங்களில் நடுவராகவும் அமர்வு நீதிபதியாகவும் இருந்த வெள்ளை அதிகாரிகள் சென்னை வந்து சேர்ந்தனர். அவர்களுக்குச் சட்டப் புலமை குறைவு என்று பாரிஸ்டர்கள் குறைகூறியதில் நியாயம் உண்டு. ஆனால் தாலுகா கச்சேரியையும் அதில் வாதாடிய பிளீடர்களையும் நேரில் அறிந்தவர்கள் அவர்களே. வாலஸும் திருநெல்வேலியில் பணியாற்றியவர், வ.உ.சி.யை அங்கேயே அறிந்தவர்.

சன்னது என்பது பிளீடராகத் தொழில் செய்ய வழங்கப்படும் உரிமைப் பத்திரம். குணக்கேட்டைக் காட்டும் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட பிளீடரை இடைநீக்கம் செய்யவோ நீக்கவோ 1879ஆம் ஆண்டின் சட்டத் தொழிலர் சட்டம் உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தந்திருந்தது. மேல்முறையீட்டில் தண்டனை பெரிதும் குறைக்கப்பட்டு, கோவையிலும் கண்ணனூரிலும் சிறையிருந்து 1912 டிசம்பரில் வெளிவந்தபின், தண்டனையால் சன்னதை இழந்திருந்த வ.உ.சி. சென்னையில் வறுமையோடு போராடினார். சன்னது திரும்பியதும் கோவில்பட்டியிலும், பின்னர் 1936இல் மறையும்வரை தூத்துக்குடியிலும் வழக்காடினார். நன்றியின் அடையாளமாக இளைய மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். தீர்ப்புத் திரட்டுகள் இத்தகைய செய்திகளைச் சொல்வதில்லை.

இந்த நிகழ்வைப் பெருந்தன்மையின் கதையாக மட்டும் வாசிப்பது தொழிலுக்கு உதவாது. ஒருவரின் பிழைப்பு, அவரை முன்பே அறிந்த நீதிபதி அமர்வில் இருந்ததைச் சார்ந்திருக்குமானால், அத்தகைய அறிமுகம் வாய்க்காத மற்றொரு பிளீடரின் கதி என்ன என்ற கேள்வி எழுகிறது. மாவட்ட அனுபவம் நீதிபதிக்குத் தரும் அறிவும், அது தரும் சார்பும் ஒரே வேரிலிருந்தே கிளைக்கின்றன. இன்றும் மாவட்ட நீதித்துறையிலிருந்து ஒரு பகுதியினர் உயர் நீதிமன்றத்துக்கு உயர்த்தப்படுகின்றனர். ஆகவே இந்தக் கேள்வி பழையதாகிவிடவில்லை.

வழக்கறிஞர்கள் சட்டம், 1961, ஒழுங்கு நடவடிக்கையை வழக்கறிஞர் மன்றக் குழுக்களிடம் ஒப்படைத்து, இந்திய வழக்கறிஞர் மன்றத்துக்கும் பின் உச்ச நீதிமன்றத்துக்கும் மேல்முறையீடு அளித்தது. புதிதாகப் பதிவு கோருவோருக்கு, ஒழுக்கக் கேடு சார்ந்த தண்டனையால் வரும் தகுதியிழப்பு விடுதலையாகி இரண்டு ஆண்டுகளில் தானே நீங்கும் என்று பிரிவு 24ஏ கூறுகிறது. வாலஸ் ஒருவருக்குத் தம் விருப்புரிமையால் அளித்ததை அது யாரையும் அறியாமலே, ஆனால் நுழைவோர்க்கு மட்டும், அளிக்கிறது. ஏற்கெனவே பதிவு பெற்றவருக்கு இத்தகைய காலவரையறை இல்லை என்பதே சட்டத் திருத்தம் வேண்டுவோர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டிய இடைவெளி.