கோதுமை ஆகாதவனுக்கு ஒரு தமிழ்த் துணை

சீலியாக் எண்ட வருத்தத்துக்கு டொக்டர் எழுதித் தர மருந்து இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் இருக்கிற குளூட்டன் உள்ளே போனால் உடம்பே தன்ரை சிறுகுடலைத் தாக்கும். ஆயுள் முழுக்க அதைத் தவிர்க்கிறதுதான் வைத்தியம். அதாவது வைத்தியம் நடக்கிறது ஆஸ்பத்திரியில் இல்லை, குசினியில்.

அதனால்தான் இந்த வருத்தக்காரருக்கு ஒரு கூட்டம் தேவைப்படுது. 1961இல் அம்னெஸ்டியைத் தொடங்கிய பீட்டர் பெனன்சனை அகதிகளான எங்களுக்குத் தெரியும். அவருக்கும் இதே வருத்தம். 1968இல் பிரித்தானியாவின் சீலியாக் சங்கத்தைத் தொடங்கினவரும் அவர்தான்.

"சோறு தின்னுற எங்களுக்கு ஏன் இது?" எண்டு கேட்பியள். 2016இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வில் வடக்கில் நூற்றுக்கு 1.23 பேரின்ரை இரத்தத்தில் சீலியாக்கைக் காட்டுகிற எதிர்ப்பொருள் இருந்தது, தெற்கில் 0.10 பேரில். இதுக்கு வழிவிடுகிற மரபணு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. வித்தியாசப்பட்டது கோதுமை: வடக்கில் நாளுக்கு 455 கிராம், தெற்கில் 25. அல்ஜீரியாவில் முகாம்களில் இருக்கிற சஹாராவி அகதிப் பிள்ளைகள் 990 பேரைச் சோதித்து 1999இல் வெளியிட்ட ஆய்வில் 5.6 வீதம். அவையின்ரை முக்கிய சாப்பாடு கோதுமைப் பாண்.

இப்ப வளைகுடாவைப் பாருங்கோ. காலமை பரோட்டா, இரவு குப்பூஸ். ஊரில் சோறு தின்ற பெடியன் இங்கே கோதுமையில் சீவிக்கிறான். எல்லாருக்கும் வருத்தம் வரும் எண்டு நான் சொல்லேல்லை. வந்தால் அவன் தனிச்சுப் போவான் எண்டுதான் சொல்லுறன். சவூதிக்காரருக்கு இது புதுசில்லை. அங்கே பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2013இல் வெளியிட்ட ஆய்வில் இரத்தப் பரிசோதனைப்படி 2.2 வீதம். ஆனால் அரபியிலும் இங்கிலீசிலும் கதைக்கிற கூட்டத்தில் எங்கட ஆள் என்னத்தைக் கேட்பான்?

அவனுக்கு வேண்டியது தமிழ்ச் சாப்பாட்டுக் கதை. கடைப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மா கலந்திருக்கும். அது சாம்பாரில் போகும். பரோட்டா போட்ட கல்லில் தோசை ஊத்தினால் அந்தத் தோசை அவனுக்கு ஆகாது. சமோசா பொரிச்ச எண்ணெயில் வடையும் அப்படித்தான். சோயா சோஸிலும் கோதுமை, ஹோர்லிக்ஸிலும் கோதுமை, பார்லி. எங்கட புட்டிலும் இடியப்பத்திலும் அரிசி மாவோடை கோதுமை மா சேர்க்கிற ஆக்கள் உண்டு. இதெல்லாம் டொக்டருக்குத் தெரியாது. அடுப்படியில் நிக்கிற எங்களுக்குத் தெரியும். ஆகவே அந்தக் கூட்டத்தில் வருத்தக்காரர் மட்டும் இருந்தால் காணாது, சமையல்காரரும் இருக்கவேணும்.

அமீரகத்தில் அனுமதியில்லாமல் சங்கம் நடத்தவோ காசு சேர்க்கவோ ஏலாது. அது வேண்டாம். குடல் டொக்டரிட்டை, உணவு ஆலோசகரிட்டை, வேறை தமிழ் ஆக்கள் இதோடை வாறவையோ எண்டு கேளுங்கோ. உங்கட நம்பரைக் குடுத்து வையுங்கோ. டெல்லியில் இந்திய சீலியாக் சங்கம் இருக்கு, அவையையும் கேக்கலாம். நாலு பேர் சேர்ந்தால் போதும்.

இன்னொண்டு: சந்தேகம் வந்த உடனை கோதுமையை நிப்பாட்டாதேங்கோ. நிப்பாட்டினால் இரத்தப் பரிசோதனையில் பிடிபடாமல் போகலாம். முதலில் சோதனை, பிறகு பத்தியம்.

என்னைப்போல கரண்டி பிடிக்கிறவைக்குக் கடைசியாய் ஒரு சொல்லு. ஒருத்தன் வந்து "இதில கோதுமை இருக்கோ அண்ணை?" எண்டு கேட்டால் சிரிக்காதேங்கோ. தெரியாட்டி தெரியாது எண்டு சொல்லுங்கோ. அதுவே அவனுக்குப் பெரிய உதவி.