சொல் மாறியது, இலக்கு கைவிடப்பட்டது: ஆங்கிலத்தின் 'கறுப்பு'ச் சொற்கள்

2020ஆம் ஆண்டு மே 25ஆம் திகதி அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், ஜோர்ஜ் புளொய்ட் என்ற கறுப்பினத்தவர் பொலிஸ் அதிகாரி ஒருவரின் முழங்காலுக்கு அடியில் உயிரிழந்தார். அதையடுத்து எழுந்த போராட்டம் வீதிகளோடு நிற்கவில்லை. அன்றாட ஆங்கிலச் சொற்களும் விசாரணைக்கு உள்ளாயின. தடுக்கப்பட்டவற்றின் பட்டியலுக்கு 'பிளக்லிஸ்ட்' என்றும் அனுமதிக்கப்பட்டவற்றின் பட்டியலுக்கு 'வைட்லிஸ்ட்' என்றும் ஏன் பெயர் வைக்க வேண்டும் என்று பலர் கேட்டார்கள். கூகுளின் குரோம் உலாவி நிரலில் 'பிளக்லிஸ்ட்' போய் 'புளொக்லிஸ்ட்' வந்தது. பிரித்தானியாவின் தேசிய இணையப் பாதுகாப்பு மையம் புளொய்ட் கொல்லப்படுவதற்குச் சில வாரங்கள் முன்னரே இதே முடிவை அறிவித்திருந்தது.

இந்தச் சொற்கள் இனவாதத்தின் மிச்சங்கள் என்கிறது ஒரு தரப்பு. இருளையும் மையையும் குறித்த சொற்களில் தோல் நிறத்தைத் தேடுவது வீண் வேலை என்கிறது மறுதரப்பு. இரண்டிலும் உண்மை இருக்கிறது.

முதலில் சொற்களின் பிறப்பைப் பார்ப்போம். 'பிளக்மெயில்' 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து எல்லைப்புறத்தில் வழங்கிய சொல். கொள்ளையடிக்காமல் விடுவதற்காகக் கொள்ளைக் கூட்டங்களுக்கு விவசாயிகள் செலுத்திய கப்பமே அது. கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் வெள்ளையர்கள். குடும்பத்தின் பெயரைக் கெடுப்பவரை 'கறுப்பு ஆடு' என்பது, கறுப்புக் கம்பளியில் சாயம் ஏறாததால் அதற்கு விலை குறைவு என்பதிலிருந்து வந்தது. கணக்கேட்டில் கறுப்பு மை இலாபத்தையும் சிவப்பு மை நட்டத்தையும் குறிக்கும். வெள்ளையும் எப்போதும் நல்லதைக் குறிப்பதில்லை. வெள்ளைக் கொடி தோல்விக்கு, வெள்ளையடிப்பு குற்றத்தை மறைப்பதற்கு, வெள்ளை யானை வீண் செலவுக்கு. மத்தல விமான நிலையத்தை வெள்ளை யானை என்று நம் பத்திரிகைகள் எழுதும்போது அது எவருடைய தோலையும் பற்றியதல்ல.

ஆனால் பிறப்பு மட்டும் ஒரு சொல்லின் முழுக் கதையையும் சொல்லிவிடாது. ஆபிரிக்கர்களின் தோல் கரியின் நிறமல்ல, ஐரோப்பியர்களின் தோல் பாலின் நிறமுமல்ல. அடிமை வணிகமும் காலனித்துவமும் மனிதர்களைத் தரம்பிரித்தபோது ஒரு கூட்டத்துக்குக் 'கறுப்பு' என்றும் மறு கூட்டத்துக்கு 'வெள்ளை' என்றும் பெயர் நிலைத்தது. இருள், அழுக்கு, பாவம், துக்கம் என்று அந்தச் சொல் ஏற்கெனவே சுமந்திருந்தவை எல்லாம் பெயரோடு சேர்ந்து மனிதர்கள் மீதும் இறங்கின. 1967இல் மார்ட்டின் லூதர் கிங் தனது உரையொன்றில் இதைக் கணக்கெடுத்தே காட்டினார். ஆங்கில ஒத்தசொல் அகராதியில் கறுமைக்கு 120 சொற்கள் இருப்பதாகவும் அவற்றில் குறைந்தது 60 இழிவானவை என்றும் அவர் குறிப்பிட்டார். வெண்மைக்கு இருந்த 134 சொற்களும் நல்லவை. 1971இல் பிபிசி நேர்காணலில் முகமது அலி இதையே நகைச்சுவையாகச் சொன்னார். அவர் குறிப்பிட்ட கேக்குகளில் தேவதையின் பெயர் கொண்டது வெள்ளை, பிசாசின் பெயர் கொண்டது கறுப்பு.

ஒரு தனிச் சொல்லில் இனவாதம் இல்லாதிருக்கலாம். நூறு சொற்கள் ஒரே திசையைக் காட்டும்போது அவற்றைக் கேட்டு வளரும் கறுப்பினக் குழந்தை என்ன கற்றுக்கொள்ளும்? அகராதிக்காரரின் பதில் இந்தக் கேள்வியைத் தொடுவதில்லை.

அப்படியென்றால் சொற்களை மாற்றினால் போதுமா? இங்கேதான் இன்னொரு நிறத்தை நினைவுகூர வேண்டும். 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக் கடன் நிறுவனம் நகரங்களை வரைபடமாக்கியபோது, கடன் கொடுக்கப் பாதுகாப்பான பகுதிகளுக்குப் பச்சையும் ஆபத்தான பகுதிகளுக்குச் சிவப்பும் தீட்டியது. கறுப்பினத்தவர் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்புக்குள் அடங்கின. 'ரெட்லைனிங்' என்ற சொல் அதிலிருந்து பிறந்தது. அந்தச் சொல்லில் வசை எதுவுமில்லை. ஆனால் வீட்டுக் கடன் மறுக்கப்பட்ட குடும்பங்கள் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கச் சொத்தில்லாமல் போயின. 1968இல்தான் சட்டம் இந்தப் பாகுபாட்டைத் தடை செய்தது.

கூகுளின் கதையும் இதையே சொல்கிறது. சொல்லை மாற்றிய அதே 2020இல், தலைமைப் பதவிகளில் குறைந்த பிரதிநிதித்துவம் கொண்ட சமூகத்தினரின் பங்கை 2025க்குள் 30 சதவீதம் உயர்த்துவதாக அந்த நிறுவனம் இலக்கு அறிவித்தது. 2025 ஜனவரியில் ட்ரம்ப் நிர்வாகம் பன்முகத்தன்மைத் திட்டங்களுக்கு எதிராக உத்தரவுகள் பிறப்பித்தது. அடுத்த மாதமே பணியமர்த்தல் இலக்குகளைக் கைவிடுவதாக கூகுள் தன் ஊழியர்களுக்கு அறிவித்தது. 'புளொக்லிஸ்ட்' நிரலில் அப்படியே இருக்கிறது. சொல்லை வைத்திருப்பதற்குச் செலவில்லை.

நமக்கும் இதில் ஒரு பங்குண்டு. கறுப்புப் பட்டியல், கறுப்பு ஆடு, கறுப்புச் சந்தை எல்லாம் ஆங்கிலத்திலிருந்து நாம் மொழிபெயர்த்துக்கொண்டவை. கள்ளச் சந்தை என்ற தெளிவான சொல் நம்மிடம் இருக்கிறது. தடைப்பட்டியல் என்றால் எவருக்கும் புரியும். மறுபுறம், இந்த நாட்டில் வெள்ளை வான் என்ற சொல்லைக் கேட்டவர்கள் தூய்மையை நினைப்பதில்லை. உறவுகளைத் தேடி இன்றும் வீதியில் இருக்கும் தாய்மாருக்கு அந்த வெள்ளைக்குப் பொருள் வேறு. ஒரு நிறம் எதைக் குறிக்கும் என்பதை அந்த நிறத்தின் பெயரால் நடந்தவைதான் தீர்மானிக்கின்றன.

அதே 2020இல் 'ஃபெயார் அண்ட் லவ்லி' பூச்சு 'குளோ அண்ட் லவ்லி' ஆனது. மணமகள் தேவை விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' இன்னும் தகுதியாகவே அச்சாகிறது. காயப்படுத்தும் சொல்லைக் கைவிடுவது நல்லதுதான், அதற்குப் பெரிய ஆராய்ச்சியும் தேவையில்லை. ஆனால் சொல்லை மாற்றிவிட்டோம் என்று அறிவிக்கும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் யாருக்கு வேலை கொடுத்தீர்கள், யாருக்குக் கடன் மறுத்தீர்கள் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.