நிற்பவரின் எடை

மாணவப் பருவத்தில் வரைந்த லைஃப் டிராயிங் ஒன்று என்னிடம் மிஞ்சியிருக்கிறது. நியூஸ்பிரிண்ட் தாளில் கரிக்கோல். வயதான மாடல் ஒருவர் வலக்காலில் எடை முழுவதையும் ஊன்றி நிற்கிறார். தாள் பழுத்துப்போய், ஓரங்கள் தொட்டாலே உதிர்கின்றன.

தலை சற்றுப் பெரிது, விரல்கள் முடிக்கப்படவில்லை. ஆனால் இடுப்பு சரியாக இருக்கிறது. எடை தாங்கும் பக்கம் இடுப்பெலும்பு ஏறியிருக்கிறது, அதே பக்கத்துத் தோள் இறங்கியிருக்கிறது. கழுத்துக் குழியிலிருந்து இறங்கும் தூக்குநூல் கோடு வலது கணுக்காலில் வந்து விழுகிறது. அந்தக் கோடு ஆசிரியர் போட்டது. ஒன்றும் பேசாமல் கரியை வாங்கி இழுத்துவிட்டு அடுத்த ஈசலுக்குப் போய்விட்டார். முதுகில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் கோடுகள் என்னுடையவை. மாடல் களைத்துச் சரியச் சரிய, நான் மறுபடி மறுபடி தேடியவை.

இந்தத் தேடலைப் புகைப்படம் தராது. கேமராவுக்கு ஒரே கண். அது பிடிப்பது ஒரே நொடி. செல்போன் திரையைப் பார்த்து வரையும் மாணவருக்கு வெளிக்கோடு கிடைக்கிறது, எடை கிடைப்பதில்லை. குறிப்புக்குப் படம் எடுப்பதில் தவறில்லை. நிற்கும் மனிதருக்கு மாற்றாக அதை வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல் இந்திய முதல்வராக வந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் அவர் வடித்த உழைப்பாளர் சிலையை ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள். பாறையை நெம்பும் நால்வரின் உடலிலும் பாரம் குதிகாலில் ஊன்றி, முதுகு வழியாகத் தோளுக்கு ஏறுகிறது. மனித உடலை நேரில் நெடுநேரம் பார்த்துப் பழகிய கண்ணுக்கே அது வசப்படும்.

கற்பிக்கும் நண்பர்களே, நீண்ட போஸ் வகுப்பைக் கைவிடாதீர்கள். வாரம் ஒரு நாளாவது அரைப்பொழுது முழுக்க ஒரே போஸ் இருக்கட்டும். மாடலுக்கு இடையிடையே ஓய்வும் கௌரவமான கூலியும் கொடுங்கள். மாணவர்கள் கரிப்படங்களைச் சுருட்டி வைக்க வேண்டாம். ஃபிக்சேட்டிவ் தெளித்து, நடுவே கிளாசின் தாள் வைத்துத் தட்டையாக அடுக்குங்கள். பின்புறம் தேதியோடு, அவர் சம்மதித்தால், மாடலின் பெயரையும் எழுதுங்கள்.

அடுத்த இதழில் வாசகர்களின் மாணவர்கால லைஃப் டிராயிங்குகளுக்குப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். இப்போது கைவைத்துத் திருத்தாமல், அன்று வரைந்தபடியே அனுப்புங்கள்.