கம்பிக்கு ஏது மதம்?



துவரங்குறிச்சியில் ஒரு சிறுமி. வயது பதின்மூன்று. பள்ளி நின்றது, வாயில் அடைத்தது, சன்னலே உலகமாயிற்று. மணமான பின்னும் மறைந்து மறைந்தே கவிதை எழுதினார். எழுதிய தாள்களை வெளியே கடத்தியவர் யார்? பெற்ற தாய்! அடைத்த குடும்பத்திலேயே அடைப்பை உடைக்கும் கையும் இருந்தது. 2001-ல் அப்பெண் பேரூராட்சித் தலைவரானார். அவரே கவிஞர் சல்மா. இங்கிலாந்தின் கிம் லோங்கினாட்டோ எடுத்த ‘சல்மா’ ஆவணப்படம் 2013-ல் இவ்வரலாற்றை உலகுக்குக் காட்டிற்று.

படம் பார்த்து, “அவர்கள் மதம் அப்படி” என்று உச்சுக்கொட்டும் உத்தமரே! கல்லிடைக்குறிச்சிக்கு வாரும்! 1922-ல் வ.வே.சு. ஐயர் குருகுலம் தொடங்கிய ஊர் இது. பின்னர் அது சேரன்மாதேவிக்குப் பெயர்ந்தது. அங்கே நடந்ததென்ன? பார்ப்பனச் சிறுவர் இருவருக்குத் தனிப்பந்தி! வெள்ளையனுக்கு அஞ்சாத வீரர் வைதிகத்துக்கு வளைந்தார். பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் கொதித்தெழுந்தனர்.

அங்கே சன்னல் கம்பி. இங்கே சாப்பாட்டுப் பந்தி. வேதம் வேறு, விலங்கு ஒன்றே. இரண்டும் பூட்டப்பட்டது பிள்ளைப் பருவத்தில். எதிர்த்துக் கேட்க நா எழாத வயதில்!

மேடையில் முழங்கும் இளைஞனே, உன்னையும் கேட்கிறேன்: உன் தங்கை விரும்பியதைப் படிக்கிறாளா? விரும்பியவனை மணக்க விடுவாயா? விடை சொல்லத் தயங்கினால், நீயும் காவற்காரனே! அடுத்த வீட்டுக் கம்பியை எண்ணுமுன், உன் வீட்டுத் தாழ்ப்பாளைத் திற!