லயத்து வாசல் ரோஜா

சென்ற இதழில் கறிவேப்பிலைக் கன்றைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த சகோதரி ஒருவர், "கேமரன் மலையில் ஆசையாக வாங்கி வந்த ரோஜா மூன்று மாதம் கூடத் தாங்கவில்லையே, டீச்சர்! என் கைராசி சரியில்லையோ?" என்று கேட்டிருக்கிறார். கைராசியில் ஒரு குறையும் இல்லையம்மா. என் வாசலிலும் அப்படி இரண்டு செடிகள் பட்டுப்போயிருக்கின்றன.

தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அந்தக் குளிரில் வளர்ந்த பெரிய பூ ரோஜாவை ஈப்போ வெயிலில் வைத்தால் அது என்ன செய்யும்? அத்தோடு, கடைச் செடி பெரும்பாலும் ஒட்டுச் செடி. மேலே ஒட்டிய கிளை காய்ந்தால் அடியிலிருந்து வேறு ஏதோ ஒரு ரோஜாதான் கிளம்பும்.

நம் லயத்து வாசல்களில் பூத்த பன்னீர் ரோஜா அப்படிப்பட்டதல்ல. பூ சிறியதுதான். காலையில் மலர்ந்தது சீக்கிரமே உதிர்ந்துவிடும். ஆனால் அந்த வாசனை! குச்சியிலிருந்து வளர்ந்து சொந்த வேரில் நிற்பதால், தண்டு பட்டாலும் வேரிலிருந்து அதே ரோஜா மறுபடி துளிர்க்கும்.

இந்தச் செடியின் பிறப்பும் ஒரு தோட்டக்காட்டுக் கதைதான். இந்துமாக் கடலில் ரியூனியன் என்றொரு தீவு. முன்பு அதற்குப் பூர்போன் தீவு என்று பெயர். அங்கே வேலியாக வளர்த்த இரண்டு வகை ரோஜாக்கள் தாமாகவே கலந்து புதிதாக ஒரு செடி முளைத்தது. ஒன்றிடமிருந்து வாசனை, சீனாவிலிருந்து வந்த மற்றொன்றிடமிருந்து ஆண்டு முழுவதும் பூக்கும் குணம். 1817ஆம் ஆண்டு வாக்கில் அதைக் கண்டெடுத்து, பிறகு பாரிசுக்கும் அனுப்பினார்கள். அந்தக் குலத்து ரோஜாதான் தமிழ்நாட்டில் எட்வர்ட் ரோஜா, பன்னீர் ரோஜா என்று பெயர் பெற்றது. 1848இல் அடிமை முறை ஒழிந்த பிறகு, கரும்பு வெட்ட நம்மவர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றிக் கொண்டுபோனதும் அதே தீவுக்குத்தான்.

இப்போது என் குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். என் மாணவி ஒருத்தியின் பாட்டி வீட்டு வாசலில், அவருடைய தாயார் நட்ட பன்னீர் ரோஜா நின்றது. தோட்டம் கைமாறி, லயத்தைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. "டீச்சரம்மா, தாமான் வீட்டுக்கு இதைக் கொண்டுபோக ஒரு வழி சொல்லுங்க" என்றார் பாட்டி. சோதனைத் தாள் திருத்தும் வேலையில் இருந்த நான், "விடுமுறையில் வந்து பதியன் போட்டுத் தருகிறேன், பாட்டி" என்றேன். விடுமுறையில் போய்ப் பார்த்தால் லயம் இருந்த இடத்தில் செம்மண் மட்டுமே கிடந்தது. பாட்டி என்னை ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

நல்ல வேளை, பல வருடங்களுக்கு முன் செம்மோரில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் பாட்டி ஒரு குச்சி கொடுத்திருந்தார். தேடிப் போனேன். அது அங்கே ஆளுயரம் வளர்ந்து நின்றது! மூன்று குச்சிகள் வாங்கி வந்து வைத்தேன். ஒன்று பிழைத்தது. இன்று அது பாட்டியின் தாமான் வீட்டுக் கேட்டருகே பூக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பூத்து முடிந்த கிளையில், பென்சில் கனத்தில், முக்கால் சாண் நீளத்துக்குக் குச்சி வெட்டுங்கள். அடியில் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்ட வேண்டும். மேலே இரண்டு இலைகளை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். ஓட்டை போட்ட காலி மைலோ டின்னில் பாதி மணல், பாதி மண் போட்டு நட்டு, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பாருங்கள். வேர்விட நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். வேர் வந்ததா என்று பிடுங்கிப் பார்க்கக் கூடாது. பிள்ளைகள் முதலில் செய்வது அதைத்தான்!

வீடு மாறப் போகிறவர்களுக்குப் பதியன் இன்னும் நல்லது. தாழ்ந்த கிளையின் அடிப்பக்கத்தைச் சற்றே கீறி, மண் நிரப்பிய தொட்டியில் புதைத்து மேலே கல்லை வையுங்கள். இரண்டு மாதத்தில் வேர்விட்டதும் தாய்ச்செடியிலிருந்து வெட்டித் தொட்டியோடு எடுத்துச் செல்லலாம்.

கிந்தா பள்ளத்தாக்கில் பல தாமான்கள் பழைய ஈயச் சுரங்க நிலத்தில் எழுந்தவை. அந்த மணலில் தண்ணீரும் நிற்காது, உரமும் நிற்காது. ஆகவே ஒன்றரை அடிக் குழி தோண்டி, மக்கிய மாட்டெருவும் நல்ல மண்ணும் நிரப்பிய பிறகே நடுங்கள். நாளுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும்.

தண்ணீரைக் காலையில், வேரில் மட்டும் ஊற்றுங்கள். இலை ஏழு மணி நேரம் ஈரமாக இருந்தாலே கரும்புள்ளி நோய் பற்றிக்கொள்ளும். மாலையில் இலைமேல் ஊற்றினால் விடிய விடிய ஈரம்தானே? புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். பூத்து ஓய்ந்ததும் மூன்றில் ஒரு பங்கைக் கவாத்து செய்தால் புதுத் துளிரில் மறுபடி மொட்டு வரும்.

உங்கள் தோட்டத்தில் இப்படி ஒரு பழைய செடி இன்னும் நின்றால், இந்த வாரமே மூன்று குச்சி வெட்டுங்கள். ஒன்று உங்களுக்கு, ஒன்று பக்கத்து வீட்டுக்கு, ஒன்று பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு. என்னைப் போல விடுமுறை வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

அடுத்த இதழில் மல்லிகையோடு சந்திப்போம்.