புத்தகத்து மாடும் கட்டுத்தரை மாடும்

கேள்வி: ‘‘எங்கள் பேத்திக்கு 4 வயது. பண்ணை விலங்குகளைப் பற்றிய பாட்டுப் படப் புத்தகம் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அதில் வரும் மாடு கறுப்பு, வெள்ளையாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டு மயிலைப் பசுவை ‘இது மாடு இல்லை’ என்று சாதிக்கிறாள். எப்படிப்பட்ட புத்தகம் வாங்க வேண்டும்? நாமே செய்து கொடுக்க முடியுமா?’’

- வாசகி ஒருவர், திருப்பூர் மாவட்டம்.

பதில்: குழந்தையின் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. புத்தகத்தில் இருப்பது ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன். நெதர்லாந்து, வட ஜெர்மனிப் பகுதிகளில் உருவான இனம், திமில் கிடையாது. வீட்டில் நிற்பது காங்கேயம், திமில் உண்டு. இரண்டும் மாடுதான் என்று புத்தகம் சொல்லாதபோது, அச்சில் இருப்பதுதான் நிஜம் என்று குழந்தை நம்பிவிடுகிறது. தன் வீட்டுக் கட்டுத்தரையும் ஆட்டுப்பட்டியும் புத்தகத்தில் இடம்பெறத் தகுதியில்லாதவை என்ற எண்ணம் சிறு வயதிலேயே விழுந்துவிடக் கூடாது.

அதற்காகப் பாட்டுப் புத்தகத்தையே ஒதுக்க வேண்டியதில்லை. மெக்டொனால்டு தாத்தாவின் பண்ணை பற்றிய ஆங்கிலப் பாட்டு, நம் ஊர் நர்சரிப் பள்ளிகளிலும் பாடப்படுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விலங்கும் அதன் சத்தமும் புதிதாகச் சேரும். முன்பு வந்தவற்றையும் திரும்பச் சொல்ல வேண்டும். சிரிப்போடு சேர்ந்து ஞாபகமும் வளரும். அந்த முறையை வைத்துக்கொண்டு, விலங்குகளை மட்டும் நம்முடையதாக மாற்றிக்கொள்ளலாம். சத்தமும் மொழிக்கு மொழி மாறும். ஆங்கிலச் சேவல் ‘காக்-அ-டூடுல்-டூ’ என்று கூவும். தமிழ்ச் சேவல் ‘கொக்கரக்கோ’தான்.

புத்தகம் வாங்கும்போது மூன்று விஷயங்களைக் கவனித்தால் போதும். பக்கத்துக்கு ஒரு விலங்கு, பெரிய படமாக இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி இருக்க வேண்டும். எழுத்துத் தெரியாத குழந்தையும் சேர்ந்து பாட அதுதான் பிடிமானம். மூன்றாவது, பெயர்கள் சரியாக இருக்க வேண்டும். மாட்டுக்குக் கன்று, ஆட்டுக்குக் குட்டி, கோழிக்குக் குஞ்சு. பார்ப்பு, பறழ், குட்டி, கன்று, மறி என இளமைப் பெயர்கள் ஒன்பதைத் தொல்காப்பியத்தின் மரபியல் வரிசைப்படுத்துகிறது. எல்லாவற்றையும் ‘பேபி’ என்று எழுதும் புத்தகம் இந்தச் செல்வத்தைப் பறித்துவிடும். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படப் புத்தகங்களை இலவசமாகப் படிக்கலாம், பதிவிறக்கியும் கொள்ளலாம்.

வீட்டில் செய்வது இன்னும் சுலபம். இரண்டு சார்ட் அட்டைகளை வெட்டி, எட்டுப் பக்கமாகத் தைத்துக்கொள்ளலாம். படத்தைக் குழந்தையே வரையட்டும். மாட்டுக்கு ஐந்து கால் இருந்தாலும் பரவாயில்லை. பாட்டு இப்படி இருக்கலாம்:

கட்டுத்தரையில யாரு? - ம்மா… மயிலை!
பட்டிக்குள்ள யாரு? - மே… செம்மறி!
கூடைக்குள்ள யாரு? - கொக் கொக்… கோழி!
திண்ணையில யாரு? - கொர்ர்… தாத்தா!

சிரிப்புக்கு வேறெங்கும் தேட வேண்டாம். அடைக்கோழிக்கு வாத்து முட்டை வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. கோழி முட்டை 21 நாளில் பொரியும். வாத்து முட்டைக்கு 28 நாள். ஏழு நாள் கூடுதலாகக் காத்திருந்த கோழி, குஞ்சுகளை அழைத்துக்கொண்டு மேயக் கிளம்பும். அவையோ தண்ணீரைக் கண்டதும் இறங்கி நீந்தும். கரையில் நின்று கோழி கத்து கத்தென்று கத்தும். ஒரு முழுப் புத்தகத்துக்கு இந்தக் கதையே போதும்.

இந்தப் பாட்டில் வீட்டுக்கும் லாபம் உண்டு. சத்தம் எழுப்பிப் பாடும் குழந்தை, சத்தத்தைக் கவனிக்கவும் பழகும். ஓய்வில்லாமல் மாடு கத்துவது, பருவத்துக்கு வந்ததன் அறிகுறிகளில் ஒன்று. ‘மயிலை இன்னிக்கு வேற மாதிரி கத்துது’ என்று குழந்தை ஓடி வந்து சொன்னால், அலட்சியப்படுத்தாமல் போய்ப் பார்க்கலாம். கண்ணாடி போன்ற திரவம் வழிவது, மற்ற மாடுகள் மீது தாவுவது, பிற மாடு தாவும்போது அசையாமல் நிற்பது போன்றவையும் தெரிந்தால் பருவம்தான். காலையில் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடுவது வழக்கம். தவறவிட்டால், அடுத்த பருவத்துக்குச் சுமார் 21 நாள் காத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் தீவனச் செலவுதான்.

புத்தகத்தில் ஒரு பக்கம் பாதுகாப்புக்கும் இருக்கட்டும். ஈன்ற மாட்டின் அருகிலும், குட்டி போட்ட நாயின் அருகிலும் தனியாகப் போகக் கூடாது. ஆடு, மாடு, கோழியைத் தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். இதையும் பாட்டாகவே பாடிக் கொடுத்தால் நன்றாக மனதில் பதியும்.

கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டு வைக்கலாம். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். சுமார் ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். அடுத்து மயிலை ஈனும் கன்றைக் குழந்தை முதலில் சிவப்பில் வரையட்டும். நிறம் மாறியதும், பக்கத்திலேயே இன்னொன்றைச் சாம்பலில் வரையட்டும். எந்தக் கடையிலும் கிடைக்காத பக்கம் அது.