பித்தளை விலைக்கு ஒரு ரேசர்

பழைய இரும்புக்கடைக்குச் சென்னையில் காயலான் கடை என்று பேர். காயல்பட்டினத்துக்காரர்கள் அங்கே போய் நடத்தியதால் வந்த பேர் என்பார்கள். தூத்துக்குடித் துறைமுகத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற எனக்கு, வாரத்தில் ஒரு காலை இங்குள்ள இரும்புக்கடைகளில்தான் போகும். தேடுவது ரேசர். இரண்டு பக்கமும் வெட்டுகிற பிளேடு போடும் பழைய, கனமான ரேசர்.

கப்பலில் போனவர்கள், கொழும்பில் கடை வைத்திருந்தவர்கள் என்று பெட்டி நிறையச் சாமானோடு வந்திறங்கிய குடும்பங்கள் இந்த ஊரில் ஏராளம். தாத்தா போனதும் அவர் பெட்டி பரணுக்கு ஏறும். வீட்டை இடிக்கிற அன்று இரும்புக்கடைச் சாக்குக்கு இறங்கும். அதற்குள் ஒரு ரேசர் கிடந்தால், நிக்கல் பூசிய பித்தளை என்பதற்கு மேல் அதற்கு மரியாதை கிடையாது. உருக்கப் போய்விடும்.

அப்படிப் போகவிருந்த ஒன்றைத்தான் நாலு வருஷமாக வைத்திருக்கிறேன். செத்த டார்ச் லைட்டுக்கும் குத்துவிளக்குத் தண்டுக்கும் நடுவில் பச்சை பிடித்துக் கிடந்தது. அடிக் குமிழைத் திருகினேன். முரண்டு பிடித்து, பிறகு தலை இரண்டு கதவாக விரிந்தது. உள்ளே யாருடைய சோப்போ கல்லாக இறுகியிருந்தது. கதவுக்கு அடியில் ஆங்கிலத்தில் ‘ஜி 2’. அமெரிக்க ஜில்லெட் 1950களிலிருந்து இப்படிக் குறி போட்டது: எழுத்து வருஷத்துக்கு, எண் காலாண்டுக்கு. ஜி என்றால் 1961. எங்கள் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்த வருஷம்.

“எவ்வளவுப்பா?”

“பித்தளைக் கணக்குதான் அண்ணாச்சி. எடை போட்டு எடுத்துக்கிடுங்க.”

60 கிராம்கூட வரவில்லை. 30 ரூபாய் கொடுத்தேன்.

முத்துக்குளிப்பில் சிப்பியைத் திறக்காமலேயே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். உள்ளே முத்தா, வெறும் சதையா என்பது எடுத்தவன் தலையெழுத்து. ரேசரைத் திறந்து பார்த்தே வாங்கலாம். கதவு இரண்டும் ஒரே மட்டத்தில் மூடவேண்டும், கைப்பிடியில் மயிரிழை விரிசல்கூட இருக்கக் கூடாது, மரை தேயாமல் இருக்கவேண்டும். அழுக்குக்கு வெந்நீரும் சோப்பும் பழைய பல் பிரஷும் போதும். முதலில் கிடைத்த ரேசரை நான் குத்துவிளக்கு மாதிரி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, பூச்சு போய் மஞ்சளாக்கினேன். கொதிநீரில் போட்டெடுத்து, புது பிளேடு மாட்டிய பிறகே முகத்தில் வைக்கவேண்டும்.

மூன்று பிளேடு, ஐந்து பிளேடு என்று பிளாஸ்டிக் தலையோடு விற்கிறார்களே, அந்தத் தலை ஒன்றின் காசில் எனக்கு மாசக்கணக்கில் பிளேடு வரும். தேய்ந்தபின் அதை இரும்புக்கடைக்காரர்கூடத் தொடமாட்டார். பிளாஸ்டிக்கையும் தகட்டையும் யார் உட்கார்ந்து பிரிப்பது? ஜில்லெட் 1904இல் காப்புரிமை பெற்ற மாடலிலோ, இன்றைக்குப் பெட்டிக்கடையில் வாங்கும் பிளேடு பொருந்தி உட்காரும்.

ரேசர் கைவசம் இருப்பது வேறு வகையிலும் நல்லது. 1908இல் வ.உ.சி. கட்சிக்கு எதிராகப் பேசிய வக்கீல் ஒருவரை இந்த ஊர் நாவிதர் பாதிச் சவரத்தில் விட்டுவிட்டு எழுந்துவிட்டாராம்.

இப்போது என் கடைக்காரர் ரேசர் வந்தால் ஹார்லிக்ஸ் பாட்டிலில் தனியே போட்டுவைக்கிறார். உலைக்குப் போகாமல் தப்பியது என்று சந்தோஷப்பட்டேன். போன மாசம் ஒன்றை எடுத்து விலை கேட்டேன்.

“800 அண்ணாச்சி. ஆன்டிக். யூடியூப்ல பாத்தேன்.”

கண்ணாடிப் பெட்டியில் பூட்டிவைக்க வாங்குகிறவன் கொடுக்கட்டும். தினம் சவரம் செய்கிறவனுக்கு ஏன் அந்த விலை? கதவைத் திறந்து காட்டினேன். ஒரு பக்கம் முழுதாக மூடவில்லை. பாட்டிலிலேயே போட்டுவிட்டு வந்தேன். நேற்றும் அங்கேதான் கிடந்தது.